போகும்போது 70, திரும்பும்போது 56: கோவை–அகத்தி விமானச் சேவை, ஒரு நிகழ்வு ஆய்வு

சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பவர்கள் எந்த வாடகையைப் பேசினாலும் முதலில் கேட்பது ரிட்டன் லோடு உண்டா என்றுதான். லட்சத்தீவின் அகத்திக்கு விமானம் ஓட்டுபவருக்கும் கேள்வி அதுவேதான், ஆனால் சிக்கல் நேர் எதிரானது. திரும்பி வர ஆள் இருப்பார்கள், விமானத்தில் இருக்கையும் இருக்கும். அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு எழும்பும் அளவுக்கு ஓடுபாதை இருக்காது.

கோவையைத் தளமாக வைத்து ஒரு சிறு நிறுவனம் அகத்திக்கு நேரடி சேவை தொடங்குவதாக வைத்துக்கொண்டு, எடை, எரிபொருள், டிக்கெட், பராமரிப்பு ஆகிய நான்கையும் இந்த ஆய்வு கணக்குப் போட்டுப் பார்க்கிறது. இங்கே வரும் எடைகளும் எரிபொருள் அளவுகளும் திட்டமிடுவதற்கான தோராயங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் இறுதி எண்ணை அந்த விமானத்தின் கையேடும், அன்றைய வெப்பமும் காற்றுமே முடிவுசெய்யும்.

இடமும் பாதையும்

அகத்தி விமான நிலையம் திறக்கப்பட்டது 1988 ஏப்ரல் 16-ல். முதலில் வந்து போனது வாயுதூத்தின் 19 இருக்கை டோர்னியர் 228. ஓடுபாதை 1,204 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். தீவு எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறதோ அதே திசையில், வடகிழக்கு–தென்மேற்காக, 04/22 என்று அமைந்திருக்கிறது. மேகத்திலும் மழையிலும் ரேடியோ அலையால் விமானத்தை ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ் கிடையாது. ஒப்பிட்டுப் பார்த்தால் பீளமேட்டில் இருக்கும் கோவை விமான நிலையத்தின் ஓடுபாதை 2,990 மீட்டர். சேலம் காமலாபுரம்கூட 1,806 மீட்டர்.

கோவையும் அகத்தியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. பீளமேட்டிலிருந்து எழும்பி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நேர் மேற்கே போனால் கோழிக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே கடலைத் தொட்டு, மொத்தம் சுமார் 287 கடல் மைலில் (530 கி.மீ) அகத்தி. கொச்சியிலிருந்து சுமார் 252 கடல் மைல். அதாவது கோவை 35 கடல் மைல் மட்டுமே கூடுதல். வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் இருக்க, நடுவில் தாழ்வான கணவாய் கிடைப்பது, புரொப்பல்லரால் பறக்கும் டர்போபிராப் விமானத்துக்குப் பெரிய வசதி. ஏறும்போது ஒரு என்ஜின் நின்றுபோனாலும் மலையைத் தாண்டியாக வேண்டிய நெருக்கடி இல்லை.

கொச்சி–அகத்தி பாதை ஏற்கெனவே நிலைத்த ஒன்று. அலையன்ஸ் ஏர் நெடுங்காலமாக ஓட்டுகிறது. 2024-ல் இண்டிகோவும் ஃப்ளை91-ம் அகத்திக்கு வந்தன. எல்லாமே ஏ.டி.ஆர் நிறுவனத்தின் டர்போபிராப் விமானங்கள்தான். ஜெட் விமானத்துக்கு 1,204 மீட்டர் போதாது.

எடைக் கணக்கு

ஏ.டி.ஆர் 72-600-ஐ எடுத்துக்கொள்வோம். எழும்பும்போது அதிகபட்ச எடை 23,000 கிலோ, தரையிறங்கும்போது 22,350 கிலோ. பணியாளர்களும் சாமான்களும் சேர்ந்து, பயணிகளும் எரிபொருளும் இல்லாத நிலையில் சுமார் 13,600 கிலோ. பயணி ஒருவருக்கு ஆள், கைப்பை, பெட்டி எல்லாம் சேர்த்து 95 கிலோ. 70 இருக்கைக்கு 6,650 கிலோ.

தீவில் எரிபொருள் நிரப்பாமல் போய்வருவதாகவே கணக்கு. கோவையில் ஏற்ற வேண்டியது: டாக்ஸிக்கு (தரையில் ஓடுபாதைவரை ஓட) 30 கிலோ, போக 880, வர 880, இரண்டு பயணத்துக்கும் 5 சதவீதக் கூடுதலாக 90, கோவையில் இறங்க முடியாமல் கொச்சிக்குத் திரும்ப நேர்ந்தால் (65 கடல் மைல்) 250, கடைசி இருப்பாக 30 நிமிடத்துக்கு 300. மொத்தம் 2,430 கிலோ.

இப்போது கோவையில் எழும்பும் எடை 13,600 + 2,430 + 6,650 = 22,680. வரம்புக்குள் இருக்கிறது. கோவை கடல்மட்டத்துக்கு மேல் 400 மீட்டர் உயரத்தில் இருப்பதும், ஏப்ரல் வெயிலும் அந்த நீள ஓடுபாதையில் பொருட்டே இல்லை. அகத்தியில் இறங்கும் எடை சுமார் 21,770. அதுவும் வரம்புக்குள்தான். ஓடுபாதை நீளமும் இறங்கப் போதும். டர்போபிராப் விமானம் உள்ள நீளத்தில் 70 சதவீதத்துக்குள் நின்றாக வேண்டும், ஓடுபாதை நனைந்திருந்தால் தேவையான நீளத்தோடு இன்னும் 15 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது விதி. 1,204 மீட்டரில் 70 சதவீதம் 843 மீட்டர். நனைந்திருந்தால் 733 மீட்டர். ஏ.டி.ஆர் 72 முழு எடையில் இதற்குள் நிற்கும்.

இறங்குவதுவரை எல்லாம் சரி, எழும்பும்போதுதான் முட்டுகிறது. கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், முழு எடையில் ஏ.டி.ஆர் 72-600 எழும்ப சுமார் 1,300 மீட்டர் வேண்டும். அகத்தியில் இருப்பது அதைவிட நூறு மீட்டர் குறைவு, வெப்பமோ 30 டிகிரி. ஓடும்போதே ஒரு என்ஜின் நின்றால், வி1 என்ற முடிவெடுக்கும் வேகத்துக்கு முன்பு ஓடுபாதைக்குள்ளேயே நிறுத்த முடிய வேண்டும், அதற்குப் பிறகென்றால் ஒரே என்ஜினில் எழும்பியாக வேண்டும். இரண்டும் 1,204 மீட்டருக்குள் அடங்கும்வரை எடையைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஓடுபாதை நனைந்தால் பிரேக் பிடிப்பது குறையும், வி1 கீழே இறங்கும், எடை இன்னும் குறையும்.

அகத்தியிலிருந்து கிளம்பும்போது விமானமும் மிச்ச எரிபொருளும் (1,520 கிலோ) சேர்ந்தே 15,120 கிலோ. அன்றைய எடை வரம்பு 21,500 என்றால் 67 பேர் ஏறலாம். 21,000 என்றால் 61. 20,500 என்றால் 56. 20,000 என்றால் 51. அரை டன் குறைந்தால் ஐந்தாறு பேர் கீழே நிற்க வேண்டும் என்பதை மனதில் வைத்தால் போதும். இந்த ஆய்வு 56-ஐ அடிப்படையாக எடுத்துக்கொள்கிறது.

கொச்சியிலிருந்து ஓட்டினால் இந்தச் சிக்கல் தீருமா என்று கேட்பவர்கள் உண்டு. தீராது. கொச்சிக்குத் திரும்ப 780, கூடுதல் 40, மாற்று நிலையமாகக் கோவைக்கு 250, இருப்பு 300, ஆக 1,370 கிலோ. கோவைக்குத் திரும்ப இதே கணக்கில் 1,475. வித்தியாசம் 105 கிலோ, ஒரே ஒரு பயணி. கோவை தொலைவில் இருக்கிறது என்ற வாதத்துக்கு எடைக் கணக்கில் அவ்வளவுதான் மதிப்பு. இழப்பைத் தருவது ஓடுபாதை, தூரம் அல்ல.

எந்த விமானம்

டோர்னியர் 228-க்கு அகத்தி ஓடுபாதை தாராளம். அதற்கு இடிப்பது கோவையில். அதிகபட்ச எடை 6,400 கிலோ, பணியாளர்களோடு சுமார் 4,000. போய்வர எரிபொருளும் இருப்பும் ஆயிரம் கிலோவை எட்டும். மிச்சம் 1,400 கிலோவுக்குள், அதாவது 19 இருக்கையில் 14 பேர். கேபினில் அழுத்தம் கிடையாது என்பதால் 10,000 அடிக்குக் கீழே, மழைக்கால மேகத்துக்கு நடுவிலேயே ஒன்றரை மணி நேரம் போக வேண்டும். தீவுகளுக்கு இடையே ஓட்ட நல்ல விமானம். கோவையிலிருந்து ஓட்ட அல்ல.

ஏ.டி.ஆர் 42-600 வேறு கதை. அதிகபட்ச எடை 18,600, எழும்ப வேண்டிய நீளம் சுமார் 1,100 மீட்டர், 48 இருக்கை. காலி எடை 11,700, எரிபொருள் 2,200, 48 பேருக்கு 4,560. கோவையில் 18,460, உள்ளே வந்துவிடுகிறது. அகத்தியில் எழும்பும்போது 17,700 அளவில் இருக்கும், முழு எடைக்கு ஒரு டன் குறைவாக. வெயிலின் பாதிப்பை அந்த ஒரு டன் பெரும்பாலான நாட்களில் தாங்கிவிடும். போகும்போதும் 48, வரும்போதும் 48. கேபின் பணியாளரும் 50 இருக்கைவரை ஒருவர் போதும். 72-க்கு இருவர் வேண்டும்.

அப்படியானால் 42-தானே சரி என்று தோன்றும். அகத்திக்கு மட்டும் ஓட்டுவதானால் ஆமாம். ஆனால் அகத்திக்கு மட்டும் ஓட்டி எந்த நிறுவனமும் பிழைக்காது. அதே விமானம் மீதி நேரத்தில் சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ போக வேண்டும். அங்கே 22 இருக்கை குறைவாக இருப்பது ஒவ்வொரு பயணத்திலும் நஷ்டம். என்ஜின், பைலட், பராமரிப்புச் செலவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஓடுபாதை குறைந்த இடங்களுக்கென்று 800 மீட்டரில் இறங்கி எழும்பும் 42-600எஸ் என்ற மாதிரியை ஏ.டி.ஆர் நிறுவனம் உருவாக்கிவந்தது. 2024 நவம்பரில் அதைக் கைவிட்டுவிட்டது. ஆக, கையில் இருப்பவை இந்த இரண்டுதான். வாரம் மூன்று நாள் தீவு, மற்ற நேரம் உள்நாடு என்ற திட்டத்துக்கு 72-600-ஏ பொருந்தும் என்பது எங்கள் கணிப்பு.

டிக்கெட்டை எந்தப் பக்கத்திலிருந்து விற்பது

இங்கேதான் புது நிறுவனங்கள் சறுக்க அதிக வாய்ப்பு. போக 70, வர 56 என்று விற்பனை மென்பொருளில் போட்டுவிட்டால், ஒவ்வொரு பயணத்திலும் 14 பேர் தீவில் மிச்சமாவார்கள். வாரம் மூன்று பயணம் என்றால் 42 பேர். கோவையிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாவுக்குப் போய்த் திரும்புகிறவர்கள். அவர்களைத் தீவில் விட்டுவர முடியாது. ஆகவே போய்வரும் டிக்கெட்டுக்கு வரம்பு 56-தான்.

மீதி 14 இருக்கையை எப்படி நிரப்புவது? ஒன்று, போக மட்டும் விமானம், வரக் கப்பல் என்ற திட்டம். கப்பல்கள் கொச்சிக்கு வருகின்றன, கொச்சியிலிருந்து கோவைக்கு ரயிலும் பஸ்ஸும் தாராளம். வழக்கமாகச் சுற்றுலா முகவர்கள் போகக் கப்பல், வர விமானம் என்றுதான் விற்கப் பார்ப்பார்கள், களைத்துத் திரும்புகிறவருக்கு அது சுகம் என்பதால். இந்த விமானத்துக்கு அது நேர் விரோதம். இன்னொன்று சரக்கு. 14 பேருக்கான 1,330 கிலோவில் காய்கறி, மருந்து, பார்சல், மோட்டார் பம்பு உதிரிபாகம் என்று ஏற்றலாம். மேட்டுப்பாளையத்தில் இரவு ஏற்றிய காய்கறி காலையில் தீவில் இறங்கும். தீவிலிருந்து சூரை மீன் கொண்டுவரலாமே என்று உடனே கேட்பார்கள். அகத்தியில் ஒரு கிலோ மீன் ஏற்றினால் ஒரு கிலோ பயணி குறைகிறார். எடை வரம்பு நன்றாக இருக்கும் நாளில் கடைசி நிமிடத்தில் ஏற்றிக்கொள்ளலாம், முன்கூட்டி ஒப்புக்கொள்ளக் கூடாது.

அகத்தி கவுன்ட்டரில் கைப்பை உட்பட எல்லாவற்றையும் தராசில் வைத்தே ஆக வேண்டும். பெட்டி 15 கிலோ என்று கணக்குப் போட்டுவிட்டு ஆளுக்கு 20 விட்டால், 56 பேருக்கு 280 கிலோ, அதாவது மூன்று பேரின் எடை கணக்கில் வராமல் விமானத்துக்குள் போய்விடும். காற்று விழுந்து வெயில் ஏறி வரம்பு திடீரென்று இறங்கினால், முதலில் சரக்கை இறக்க வேண்டும். அடுத்து, சம்மதிப்பவர்களின் பெட்டியை அடுத்த விமானத்துக்கு வைக்க வேண்டும். கடைசியாகத்தான் ஆள், அதுவும் உரிய இழப்பீட்டோடு. எரிபொருளைக் குறைத்து ஆளை ஏற்றும் பேச்சுக்கே இடமில்லை.

அனுமதிச் சீட்டு இன்னொரு கண்ணி. தீவைச் சேராதவர் லட்சத்தீவுக்குள் நுழைய அனுமதி வேண்டும். அது கையில் வராமல் டிக்கெட் எடுத்தவர் பீளமேட்டு கவுன்ட்டரிலேயே நின்றுவிடுவார், இருக்கை காலியாகப் போகும். அனுமதி எண்ணைப் பதியும்வரை டிக்கெட்டை உறுதிசெய்யாமல் வைத்திருந்து, குறித்த நாளுக்குள் வராவிட்டால் காத்திருப்போருக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

தீவுக்காரர்களின் போக்குவரத்தை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. அவர்கள் பேசுவது மலையாளத்தின் வகையான ஜெசரி. கப்பல், அலுவலகம், உறவு எல்லாம் கொச்சியோடு பிணைந்தவை. சிகிச்சைக்கும் படிப்புக்கும் கோவை வருகிறவர்கள் இருப்பார்கள், ஆனால் அது விமானத்தை நிரப்பாது. கோவைப் பாதை அக்டோபர் முதல் மே நடுப்பகுதிவரையிலான சுற்றுலாப் பாதை என்று ஒத்துக்கொண்டு தொடங்குவதே நேர்மை.

வானத்தில் காத்திருக்கும் நிமிடங்கள்

காலை 6.30-க்குக் கோவையில் கிளம்பி 7.50-க்கு இறங்கி, 8.30-க்குத் தீவை விட்டுக் கிளம்புவது சரியான நேரம். வெயில் ஏறுமுன் எழும்பினால் எடை வரம்பு கூடும். மழை நின்று வெளுக்கக் காத்திருக்கவும் பகல் மிச்சம் இருக்கும். ஒரே விமானத்தை வைத்துக்கொண்டு மதியத்துக்குத் தள்ளினால் மாலைச் சென்னைப் பயணமும் சேர்ந்து குலையும்.

அகத்திக்கு மேலே மழை நிற்கிறது, சற்று வட்டமிடலாம் என்று பைலட் நினைக்கும்போது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு இது. தீவை அடையும்போது கையில் 1,520 கிலோ. வட்டமிட மணிக்கு 600 கிலோ, நிமிடத்துக்கு 10. கோவைக்கு நேரே திரும்ப 1,475 வேண்டும், ஆகவே நான்கு நிமிடம் மட்டுமே இலவசம். அதற்கு மேல் வட்டமிட்டு இறங்கினால் கோழிக்கோட்டில் எரிபொருள் நிரப்பித்தான் கோவை வர முடியும். கோழிக்கோட்டுக்கு 223 கடல் மைல், 680 கிலோ. கூடுதல் 35, அங்கிருந்து மாற்று நிலையத்துக்கு 250, இருப்பு 300, மொத்தம் 1,265. ஆகவே 25 நிமிடத்துக்கு மேல் வட்டமிட்டு இறங்கினால், விதிப்படி அங்கிருந்து எழும்பவே முடியாது. இறங்காமலே கரைக்குத் திரும்புவதற்கு எரிபொருள் அப்போதும் இருக்கும், இறங்கிவிட்டால்தான் மாட்டிக்கொள்வார். 4, 25 என்ற இந்த இரண்டு எண்களையும் அன்றைய எடைக்கேற்ப திருத்தி, கிளம்புமுன் விமானிகளின் தாளில் எழுதிக் கொடுப்பது, தரையிலிருந்து பயணத்தைத் திட்டமிடும் டிஸ்பாச்சரின் வேலை.

ஏ.டி.ஆரில், தரையில் நிற்கும்போது மின்சாரம் தரும் ஏ.பி.யு என்ற துணை என்ஜின் கிடையாது. வலப்பக்க என்ஜினின் புரொப்பல்லரைப் பிரேக் போட்டு நிறுத்தி, என்ஜினை மட்டும் ஓடவிட்டு மின்சாரமும் குளிர்காற்றும் எடுப்பார்கள், ஹோட்டல் மோட் என்று பெயர். தீவில் 40 நிமிடம் அப்படி ஓடவிட்டால் 60 கிலோவுக்கு மேல் போகும், மேலே சொன்ன நான்கு நிமிட இருப்பு முழுதும் அதிலேயே கரைந்துவிடும். தரையில் மின்சாரம் தரும் ஜி.பி.யு ஏற்பாடு செய்து என்ஜினை அணைத்துவிடுவது நல்லது. ஏற்பாடு இல்லையென்றால் அந்த 60 கிலோவைக் கோவையிலேயே கூடுதலாக ஏற்றியாக வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்று, தென்மேற்கு நோக்கி எழும்பும் 22-ம் ஓடுபாதைக்குப் பெரும்பாலும் எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும். எழும்ப அது உதவி. ஆனால் அதே காற்று கொண்டுவரும் மழை ஓடுபாதையை நனைக்கும், பார்வைத் தூரத்தைக் குறைக்கும். ஜூன் முதல் செப்டம்பர்வரை வாரம் ஒரு பயணமாகக் குறைத்து, விமானத்தை உள்நாட்டுப் பாதைக்குத் திருப்புவதே உசிதம்.

பணமும் ஒற்றை விமானமும்

சிறு விமானத்துக்கு இரண்டு சலுகைகள் பெரிய துணை. 40,000 கிலோவுக்குக் குறைந்த விமானத்துக்கு, அட்டவணைப்படி ஓட்டும் நிறுவனம் வாங்கும் ஏ.டி.எஃப் (விமான எரிபொருள்) மீதான மாநில வரிக்கு மத்திய விற்பனை வரிச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் பெரிய விமானங்களுக்கு நீண்டகாலமாக இருந்துவந்த 29 சதவீத வாட் இதைத் தொடாது. 80 இருக்கைக்குக் குறைந்த உள்நாட்டு விமானங்களுக்கு இந்திய விமான நிலைய ஆணையத்தின் நிலையங்களில் தரையிறங்கும் கட்டணமும் இல்லை.

இத்தனை இருந்தும் கொங்கு மண்டலத்தில் சிறு விமானச் சேவை நிலைத்ததில்லை. 2016-ல் கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு ஏ.டி.ஆர் 72-ஓடு தொடங்கிய ஏர் கார்னிவல் அடுத்த ஆண்டே நின்றது. சேலத்துக்கு 2018 மார்ச்சில், சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் வந்த ட்ரூஜெட் 2021-ல் நின்றது. மீண்டும் விமானம் வர 2023 அக்டோபர் ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் இருக்கலாம். ஆனால் ஒன்றிரண்டு விமானத்தோடு தொடங்கும் எவருக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. ஒரு விமானம் தரையில் நின்றால் அன்றைய அட்டவணை முழுதும் நிற்கிறது, வாடகைத் தவணையும் சம்பளமும் நிற்பதில்லை. தீவில் நின்றால் இன்னும் மோசம், மெக்கானிக்கை அனுப்பவே இன்னொரு விமானம் வேண்டும். மூன்று விமானம் வாங்கி இரண்டை மட்டும் அட்டவணையில் போடும் அளவுக்கு முதல் இல்லாதவர் தீவுப் பாதையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஒரு முன் சக்கரம், ஒரு பிரதான சக்கரம், ஒரு பிரேக் யூனிட், ஜாக்கி, நைட்ரஜன் சிலிண்டர் ஆகியவற்றைக் கப்பலில் அனுப்பித் தீவிலேயே வைத்துவிட வேண்டும். விமானத்திலேயே சுமந்து திரிந்தால் தினமும் இரண்டு பயணியின் எடை வீண். குட்டை ஓடுபாதையில் ஒவ்வொரு முறையும் அழுத்திப் பிரேக் பிடிப்பதால் டயரும் பிரேக்கும் மற்றப் பாதைகளைவிடச் சீக்கிரம் தேயும். பிரேக் சூடு தணியாமல் மறுபடி எழும்பவும் முடியாது. 40 நிமிட இடைவேளையை 25 ஆக்கப் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உப்பு மெல்ல அரிக்கும். தீவுக்குப் போய்வந்த அன்றே, என்ஜின் ஆறியபின், காற்றை உள்ளிழுத்து அழுத்தும் கம்ப்ரஸரை நீர் பாய்ச்சிக் கழுவி, பின் ஓடவிட்டு உலர்த்த வேண்டும். தள்ளிப்போட்டால் பிளேடுகளில் உப்பு படிந்து என்ஜின் சூடு கூடும், சூடு கூடினால் வெயில் நாளில் முழு விசை கிடைக்காது, அகத்தியில் அது நேரே பயணிகளின் எண்ணிக்கையில் தெரியும். கழுவத் தாது நீக்கிய தண்ணீர்தான் வேண்டும். ஆழ்குழாய் நீரை உள்ளே விட்டால் உப்பைக் கழுவி உப்பையே பூசினாற்போல் ஆகும். சிறுவாணித் தண்ணீராகவே இருந்தாலும் டி.டி.எஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) அளந்து, என்ஜின் கையேட்டின் வரம்புக்குள் வந்தால்தான் ஊற்றலாம். சக்கரக் கூட்டின் கீல்களில் பவளமணல் புகுந்திருக்கும், பழைய கிரீஸ் முழுதும் வெளியே வரும்வரை புதுக் கிரீஸ் அடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை உடல் முழுதும் நன்னீர் அலசல், கதவுக் கீழ்விளிம்பிலும் கழிவறைத் தரைக்கு அடியிலும் அரிப்புத் தடுப்புப் பூச்சு. இந்த வேலைக்கு இரவு நான்கு மணி நேரம் ஒதுக்கி, அதை அட்டவணையில் ஒரு பயணத்தைப் போலவே எழுதிவைத்து, வேறு எதற்கும் விட்டுக்கொடுக்காமல் காக்க வேண்டும்.